அடியில் மூன்று மில்லிமீட்டர்

ராத்தி காட்டியது எல்லாமே அழகு.
வாக்கேயில் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம்,
மேஜை மேல் பருத்திக் காகிதம்,
தொட்டால் பூனையின் காது.
திராட்சைக் கொடி, தங்க முலாம்,
உருக்கி ஊற்றிய அரக்கு முத்திரை.
நூற்றிருபது அழைப்பிதழுக்கு
என் இரண்டு மாதச் சம்பளம்.
காபி மட்டும் இலவசம்.

நான் மயங்கித்தான் போயிருந்தேன்.
ஹிராந்த்தான் மாதிரி அட்டையை மூக்குவரை கொண்டுபோய்
"என் பெயர் ஏன் உன் பெயரைவிட உயரம்?" என்றான்.

ஆர்மீனியப் பெயர் பெரிய எழுத்தோடு தொடங்கும்.
எங்கள் ஜார்ஜிய எழுத்தில் பெரியது சிறியது கிடையாது,
அரசனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே அளவு.
அட்டையில் அவன் நெஞ்சு நிமிர்த்தி நிற்க
நடேலாவாகிய நான்
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மரபு அப்படி" என்றார் ராத்தி.
எந்த மரபு என்று சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை,
காபியைக் குடித்து முடித்தோம்.

பிறகு ஒருவன்
எங்கள் முகங்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து அனுப்பினான்.
என் மூக்குக்குப் போக மிஞ்சிய இடத்தில் தேதி.
இன்னொருத்தி முன்பணம் வாங்கிக்கொண்டு
பத்தூமிக்குக் கடல் பார்க்கப் போனாள்,
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் முடிய ஒன்பது நாள்.
திபிலீசி முழுக்க மழை.

எலிசோவின் எண்ணைத் தந்தவள் மருந்துக்கடைக்காரி.
கில்தானியில், டயர் கடைக்கு மேல் மூன்றாம் மாடி,
படி ஏறும்போதே ரப்பர் நெடி.
கல்யாண அழைப்பிதழ் ஒன்றுகூட அவள் செய்ததில்லையாம்.
செய்ததெல்லாம்
மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள்.
உள்ளங்கை அகலத்தில் நான்கு மொழிகள்,
ஒன்றன் காலை ஒன்று மிதிக்காமல்.

"ஒரு மாத்திரையா இரண்டா என்று
யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது.
எனக்குத் தெரிந்த அழகு அவ்வளவுதான்."

பிறகு கேட்டாள்:
"உங்கள் வீட்டில் இதை வாசிக்க முடியாதவர் யார்?"

நிறம் கேட்டிருக்கிறார்கள், பட்ஜெட் கேட்டிருக்கிறார்கள்,
முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று
மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.
ஹிராந்த் தன் ஷூவைப் பார்த்தான்.
"அப்பா" என்றான்.

முப்பது வருடம் மெட்ரோ ஓட்டியவர் அர்ஷாவிர்.
இப்போது கண்ணின் நடுவில் ஒரு சுரங்கம்,
ஓரங்களில் மட்டும் வெளிச்சம்.
எதைக் கொடுத்தாலும் கோழி போலத் தலை சாய்ப்பார்,
"நன்று, நன்று" என்று திருப்பித் தருவார்.
அதில் ஒரு வரிகூட வாசித்திருக்க மாட்டார்.

எலிசோ தங்கம் பக்கமே போகவில்லை.
கறுப்பு மை. மினுங்காத, வெளுத்த மஞ்சள் தாள்.
என் பெயரை மயிரிழை உயர்த்தினாள்,
அவன் முதல் எழுத்தை மயிரிழை இறக்கினாள்.
ஹிராந்த் அளவுகோலை வைத்துப் பார்த்தான். சமமில்லை.
அளவுகோலை எடுத்தால், சமம்.
"கண்தானே கல்யாணத்துக்கு வருகிறது" என்றாள்.

உண்மையைச் சொன்னால்
எனக்கு அந்தத் தங்கக் கொடி வேண்டியிருந்தது.
ராத்தியின் மாதிரி அட்டை
இன்னும் என் காலுறைப் பெட்டியில் இருக்கிறது.
அந்த எரிச்சலில்தான் கேட்டேன்,
"மருந்துத் தாள் மாதிரியே இருக்கிறதே,
பக்க விளைவுகள் என்று ஒரு வரி போட வேண்டாமா?"

அவள் சிரிக்கவில்லை.
"அடியில் மூன்று மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன்.
தெரிய வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்."

ஞாயிறன்று அர்ஷாவிரிடம் கொடுத்தோம்.
தலையை இந்தப் பக்கம் சாய்த்தார்,
அந்தப் பக்கம் சாய்த்தார்.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
"நன்று" வரவே இல்லை.

"சனிக்கிழமை ஐந்தரை மணி, சரி" என்றார் கடுகடுப்பாக.
"மெட்ரோவிலிருந்து இறங்கி
இடது பக்கமா வலது பக்கமா?
இதைக்கூடப் போடாமல்
எவன் அடித்தான் இந்த அழைப்பிதழை?"

ஹிராந்த் எழுந்து சமையலறைக்குப் போய்
கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவைத்தான்.

போட்டோம்.
மிகச் சிறிதாக, மிகத் தெளிவாக, அடியில்:
மெட்ரோவில் இறங்கி இடது பக்கம்.

பக்க விளைவுகளுக்கு
இப்போது இடம் இல்லை.